கயிறு கட்டின கேபிள்

கரண்டு ரெண்டு மணிக்குத்தான் வரும். இப்ப ஒண்ணு இருபது. இன்னும் நாப்பது நிமிசம் இந்த முக்காலி மேல உக்காந்துட்டு இந்தக் கேபிளையே பாத்துட்டு இருக்கோணும், வேற வழி இல்லை. மாசத்துக்கொருக்கா பராமரிப்புன்னு நிறுத்தறாங்களே, அது இன்னைக்குன்னு பேப்பர்ல போட்டிருந்துதாம். வசந்தாமணி காத்தாலயே அதைப் படிச்சுட்டு, மாவாட்டி, மோட்டர் போட்டுத் தொட்டிய நெப்பி, துணியவும் மிசின்ல போட்டு எடுத்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை? மூச். முப்பத்தஞ்சு வருசமாக் குடும்பம் நடத்தறோம், கட்டின புருசன் ஒரு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்தறானே, அவனுக்கும் கரண்டு வேண்டியிருக்குமேன்னு தோணாதா? சரி, என்ன பண்ணப் போறேன்னு நானும்தான் அவகிட்டச் சொல்லலை. சொல்ற மாதிரியா இருக்குது விசயம்? பரண்ல இருந்து பழைய கம்ப்யூட்டரை எறக்கறப்ப, எதுக்குங்னு கேட்டா. தூசி தட்டறக்குன்னேன். "ம்"னு ஒண்ணு போட்டா. அந்த "ம்" இருக்குதே, சாமீ, நான் ஸ்குரூ டிரைவரைக் கையில எடுத்தா ஒரு "ம்", ஃபீஸ் கட்டைய உருவினா ஒரு "ம்", டிவி பொட்டிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா ஒரு "ம்". அதுல திட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. திட்டினாக்கூட தேவலைன்னு இருக்கும். இப்ப ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில துணி காயப் போட்டுட்டு இருக்கறா, கிளிப்பு மாட்டற சத்தம் டக்கு டக்குன்னு இங்க வரைக்கும் கேக்குது. எப்ப வேணாலும் உள்ள வருவா. அதுக்குள்ள இது நடந்து முடிஞ்சிருக்கோணும், இல்லீன்னா நான் ஆரம்பிச்சே இருக்கக் கூடாது.

மேசை மேல என்ன இருக்குதுன்னு இன்னொருக்கா பாத்துக்கறேன். பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப் போச்சு, இருந்தாலும். கம்ப்யூட்டரு, வசந்தாமணி டிடிபி சென்டர் வச்சிருந்தப்ப வாங்கினது, கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசுமா அடிச்சுத் தேஞ்ச கீபோர்டோட. குண்டு டிவி மாதிரி மானிட்டரு. அதுக்குப் பக்கத்துல ஒரு நீல டப்பா. பிரஸ்ஸுக்குப் பெரிய டிசைன் எல்லாம் கொண்டு போறதுக்கு அன்னைக்கு இந்த டப்பாதான், தடியா ஒரு டிஸ்க்கை இதுக்குள்ள சொருகோணும், நூறு எம்பி புடிக்கும், அந்தக் காலத்துல நூறுன்னா யானை. அந்த டிஸ்க்கும் இருக்குது, போன செவ்வாக்கிழமை கொலு பொம்மைப் பொட்டியைத் தட்டி வைக்கறப்பக் கிடைச்சுது. மேல பச்சை மசியில, அவ கையெழுத்துல, "வ.மணி 2"ன்னு. ரெண்டுன்னா என்ன? ஒண்ணுக்கு நகல்னுதானே? நகலாத்தான் இருக்கோணும். அவ நாவல் இருந்த ஒண்ணை அழிச்சவன் நான். ரெண்டுல அது முழுசா இருந்துட்டா அவளைக் கூப்புட்டு, இந்தா புள்ள உன்ற நாவல்னு கையில குடுத்துருவேன். இருபத்திரண்டு வருசமா நெஞ்சுல இருக்கற கல்லு எறங்கிரும். அதுக்கு இந்த டப்பா கம்ப்யூட்டர்கூடப் பேசோணும். பேசறதுக்குக் கேபிள் வேணும். இந்த டப்பாவோட சொந்தக் கேபிளை எலி தின்னு இருபத்திரண்டு வருசம் ஆச்சு. எல்லாத்துக்கும் காரணம் அந்த எலிதான்னு சொல்லிக்கலாம், ஆனா எலி எதையும் அழிக்கலை. கேபிளைத்தான் கடிச்சுது.

நான் டெலிபோன்காரன். உடுமலை எக்ஸ்சேஞ்சுல முப்பத்தொரு வருசம். டெலிபோனுக்கு ரெண்டே ரெண்டு வயர். அதை இப்புடி மாட்டினாலும் பேசும், அப்புடி மாட்டினாலும் பேசும். மழையில நனைஞ்சாலும் பேசும், நாலு ஒட்டுப் போட்டாலும் பேசும், ஒருக்கா மடத்துக்குளம் பக்கம் முள்ளுவேலிக் கம்பியில ஒரு அரை பர்லாங்கு போட்டுக்கூடப் பேச வச்சோம், பஞ்சாயத்து தலைவரு சௌக்கியமான்னு கேட்டாரு. வயருக்குத் தலை வாலு கிடையாது, சேத்து முறுக்கினா வேலை முடிஞ்சுது. இதுதான் எங்க வேதம். இந்தக் கம்ப்யூட்டர்க் கேபிள் அப்புடி இல்லைன்னு எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? முனைக்கு இருபத்தஞ்சு ஊசி. அக்கட்டயும் இருபத்தஞ்சு, இக்கட்டயும் இருபத்தஞ்சு. உள்ள போயி உக்காந்து, ரெண்டு பக்கமும் திருகாணிய முடுக்கினா, யாரா இருந்தாலும் என்ன நெனைப்பான்? சரியாத்தான் இருக்குதுன்னு நெனைப்பான். எல்லாச் செருப்பும் காலுக்குள்ள போகும், அதுக்காக எல்லாம் நம்ம செருப்பு ஆயிருமா? இது இப்பத் தோணுது. இந்த ஊட்டுல அந்த மாதிரிக் கேபிள் ரெண்டு இருக்குது. ஒண்ணு கடையில ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே பிரிண்டரை வச்சுட்டுத் திருப்பித் திருப்பி விடுவமே, குமிழ் வச்ச பொட்டி, அதோட வந்தது. இருபத்தஞ்சும் நேருக்கு நேரா ஓடும், நல்ல கேபிள். இன்னொண்ணு நானே ஈயம் பத்த வச்சது. எக்ஸ்சேஞ்சுல ரெண்டு கம்ப்யூட்டரை நேரா மாட்டிப் பேச வைக்கறக்குப் பண்ணினது, இவன் வாய் அவன் காதுக்குப் போகோணும்ல, அதுக்காக உள்ள ரெண்டாவதும் மூணாவதும் மாறிப் போகும். எக்ஸ்சேஞ்சுக்கு அது தங்கம். இந்த டப்பாவுக்கு விசம்.

ரெண்டும் ஒரே சாம்பல் கலரு. ரெண்டும் ஒரே நீளம். ரெண்டுக்கும் முனையில கறுப்பு டேப்பு, சுத்தினது நான்தான், எனக்கு எதைப் பாத்தாலும் டேப்பு சுத்தோணும். ஒண்ணுல மட்டும் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்குது. அந்தக் கயிறு கட்டினதைத்தான் இப்ப மாட்டி வச்சிருக்கறேன், கயிறு இல்லாதது கீழ சுருண்டு கெடக்குது. காத்தால மாட்டறப்ப எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கயிறை யாரு கட்டியிருப்பா? வசந்தாமணி. வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கடையில இருக்கற அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வச்சுச் செவப்புக் கயிறு கட்டுவா. நல்ல கேபிளைத்தான் கட்டுவா. மாட்டியாச்சு, திருகியாச்சு, சுவிச்சுக்குக் கை போகுது, கரண்டு போச்சு. போனதும் சும்மா இருக்க முடியுமா, யோசனை வந்து உக்காந்துக்குச்சு. எக்ஸ்சேஞ்சுல செவப்புன்னா என்ன? தொடாதே. பழுதான வயர்ச் சோடிக்கு நாங்க செவப்பு நூல் கட்டி உட்டுருவோம், அடுத்த ஷிப்டுக்காரன் கை வைக்காம இருக்கறதுக்கு. அந்த எளவு நடந்ததுக்கப்புறம் நானே எனக்கு எச்சரிக்கையா இதைக் கட்டி வச்சிருந்தா? அவ கட்டியிருந்தா செவப்பு நல்லது, நான் கட்டியிருந்தா செவப்பு கெட்டது. சரி, முடிச்சைப் பாத்துக் கண்டுபுடிக்கலாம், எங்க முடிச்சு தனி முடிச்சு, கேபிள் கட்டற முடிச்சு, ஊருல எவனுக்கும் வராதுன்னு குனிஞ்சு பாத்தேன். எங்க முடிச்சேதான். அப்ப நான் கட்டினதுன்னு சொல்லி எந்திரிச்சுட்டேன். திருகாணியக்கூடக் கழட்ட ஆரம்பிச்சுட்டேன். அப்பத்தான் ஞாபகம் வருது, பத்திரிகைக் கட்டு அவுந்து அவுந்து போகுதுன்னு அவ அழுதப்ப அந்த முடிச்சைப் போடறதுக்கு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். மறுபடியும் முடுக்கிட்டேன். ஆயுத பூசைன்னா அவ நல்லது கெட்டது எல்லாம் பாக்க மாட்டா, எலிப்பொறிக்கும் பொட்டு வச்சவ அவ. அப்ப அவ கட்டியிருந்தாலும் இது நல்ல கேபிள்னு அர்த்தம் இல்லை. மீட்டர் வச்சு ஒவ்வொரு ஊசியாப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். மீட்டர்ல பேட்டரி பொங்கிப் போயி எட்டு மாசம் ஆச்சு, வாங்கி வையுங்னு அவ நாலு தரம் சொன்னா. முனையப் பிரிச்சுப் பாக்கலாம்னா ரெண்டு முனையையும் பசை ஊத்தி அடைச்சு வச்சிருக்கறேன். நான் பண்ற வேலை எல்லாம் அப்புடித்தான், ஒருக்காப் பண்ணினா யாரும் பிரிக்க முடியாது, நானும் உட்பட.

"ஏனுங் மாமா, அந்த ரூமுக்குள்ள என்ன பண்றீங்?" பொடக்காளியில இருந்து குரலு. தூசி தட்டறேன்னேன். "வெளிச்சமே இல்லாத ரூம்ல தூசி எப்புடித் தெரியுது?"ன்னா. கைக்குத் தெரியுது புள்ளன்னேன். பொறவு "ம்." வந்துருச்சு. கிளிப்புச் சத்தம் மறுபடியும். இவளுக்கு எதாச்சும் தெரிஞ்சிருக்குமோ? தெரியறதுக்கு வழியே இல்லை. ரெண்டாயிரத்து ஒண்ணு, ஆவணி மாசம், அன்னைக்கு அவ ஊருலயே இல்லை, என்ற அக்கா, அவளுக்கு நங்கையா, அவங்க ஊட்டுச் சீருக்குப் பல்லடம் போயிட்டா. போறப்பச் சொல்லிட்டுப் போனா, டிஸ்க்குல நாவல் இருக்குது, பன்னெண்டு அத்தியாயமும் முடிஞ்சுது, நாளைக்குத்தான் போட்டிக்குக் கடைசி நாளு, பிரிண்டு எடுத்துக் கூரியர்ல போட்டுருங் மாமா, வேற எதையும் தொட வேண்டாம். வேற எதையும் தொட வேண்டாம்னு சொன்னதை நான் மறக்கலை. எலி கேபிளைத் தின்னுருச்சுன்னு பாத்ததும் பதறாமப் பையில இருந்து நான் பத்த வச்ச கேபிளை எடுத்து மாட்டினேன். எத்தனை பெருமை எனக்கு. மாட்டினேன், டப்பா கர்ருங்குது, கம்ப்யூட்டரு திரையில ஒரு பொட்டியைத் தொறந்து கேக்குது: இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகலை, இப்பப் பண்ணட்டுமா, எஸ்ஸா நோவா? எஸ்ஸுன்னேன். ஏன் எஸ்ஸுன்னேன்? இதைத்தான் இருபத்திரண்டு வருசமாக் கேட்டுட்டு இருக்கறேன். மரியாதையாக் கேட்டுது, நானும் மரியாதையாச் சொன்னேன், அதுக்கு மேல எனக்கும் தெரியலை. பாதி ஓடி நின்னு போச்சு. முடியலைன்னு சொல்லுச்சு. சரி கேபிளைத்தான் மாத்தோணும்னு அந்தப் பிரிண்டர்ப் பொட்டிக் கேபிளை மாட்டினேன். இப்ப டப்பா நல்லாப் பேசுது, அதே கேள்வியக் கேக்குது. மறுபடியும் எஸ்ஸுன்னேன். பாதியில உட்ட வேலைய முடிக்காம எந்திரிக்கக் கூடாதுன்னு இலாகாவுல எங்களைப் பழக்கி வச்சிருந்தாங்க. முடிச்சேன். சுத்தமா முடிச்சேன். மொத எஸ்ஸைத் தப்புன்னு சொல்லலாம், ரெண்டாவது எஸ்ஸுக்கு எந்தச் சாமிகிட்டப் போயி நிக்கறது? மறுநாள் அவ வந்தப்ப வைரஸ் புள்ளன்னு சொன்னேன். பேப்பர்ல அப்ப வைரஸ் வைரஸ்னு தினமும் வந்துட்டு இருந்துது. அவ அழுகலை. சேலைகூட மாத்தாமப் போயிக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா, பொறவு எந்திரிச்சு வந்து சோத்துக்கு உலை வச்சா. அன்னைக்கு அவ ரசத்துக்கு உப்பே போடலை, நானும் கேக்காமக் குடிச்சேன். அதுக்கப்புறம் அவ கதைன்னு ஒரு வரி எழுதி நான் பாக்கலை.

எனக்கு வருத்தம் ஒண்ணா ரெண்டா. அவ நாவல் போச்சேங்கறது பெரிய வருத்தம். அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்குது, சொன்னா வெக்கக்கேடு: யாரு கொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி எறக்கி உட்டுட்டு எனக்கு ஒவ்வொரு அத்தியாயமாப் படிச்சுக் காட்டுவா. பஞ்சு மில்லு மேனேஜரு ஆவுடையப்பன் பஞ்சுக் குடோன்ல செத்துக் கெடக்கறான். மில்லு டைப்பிஸ்ட்டு ராசாத்தி துப்பறியறா. மேனேஜரோட மச்சினன் சேகரன் மேல சந்தேகம், மில்லு டாக்டரம்மா மேல சந்தேகம், கேன்டீன் மாஸ்டரு மேல எனக்கு மட்டும் சந்தேகம். எத்தனை அருமையா எழுதியிருந்தா தெரியுமா, பஞ்சு மூக்குல ஏறித் தும்மல் வர்ற மாதிரி இருக்கும். பதினொண்ணாவது அத்தியாயத்துல ராசாத்தி எல்லாரையும் குடோன்ல உக்கார வச்சு, எனக்கு ஆள் யாருன்னு தெரியும்னு சொல்லிட்டு, கதவுப் பக்கம் திரும்பி "உள்ள வாங்க"ன்னு சொல்றா. அத்தோட நிறுத்திட்டா. அடுத்த ஞாயிறுதான்னுட்டா. அடுத்த ஞாயித்துக்குள்ள நான் எஸ்ஸு அமுக்கிட்டேன். அந்தக் கதவைத் தொறந்துட்டு யாரு வந்தான்? ஒரு ஆறு மாசம் கழிச்சு மெதுவாக் கேட்டேன், ஏம்புள்ள, அந்தக் கதையில யாருதான் கொன்னான்னு. என்ற மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்துட்டு, "டிஸ்க்கைக் கேளுங்"ன்னுட்டுப் போயிட்டா. எக்ஸ்சேஞ்சுல நைட் டூட்டியில உக்காந்து எத்தனை நாள் யோசிச்சிருக்கறேன். சேகரன்னா நோக்கம் சரியா வருது, நேரம் சரியா வரலை. டாக்டரம்மான்னா நேரம் சரியா வருது, மனசு ஒப்பலை. ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு மேடையில உக்கார வச்சுப் பெரிய ஆபீசரு என்னைப் பத்திப் பேசிட்டு இருக்கறாரு, நான் கேன்டீன் மாஸ்டரு சாவியை எங்க வச்சிருப்பான்னு யோசிச்சுட்டு இருக்கறேன்.

ஒண்ணு நாப்பத்தி மூணு. சுவிச்சைப் போட்டே வச்சிருக்கலாமா, கரண்டு வந்த பொறவு போடறதா? போட்டு வச்சா, வர்ற வேகத்துல எகிறி அடிச்சு எல்லாம் கருகிப் போகும். வந்த பொறவு போட்டா என்ற கை போடோணும். அதுதான் பிரச்சினையே. கேபிளைக்கூட நம்பிரலாம், இந்த வெரலை நம்ப முடியாது. வலது கையி ஆள்காட்டி வெரலு, பாத்தா எத்தனை சாதுவா இருக்குது. தப்பான கேபிளா இருந்து மறுபடியும் அதே கேள்விய அது கேட்டுதுன்னா இந்த வெரலு என்ன பண்ணும்? எனக்குத் தெரிஞ்சு அது யாருக்கும் நோ சொன்னதே இல்லை. சம்மந்தி ஊட்டுக்காரங்க கேட்டதுக்கெல்லாம் எஸ்ஸு, ஃபோன்ல லோன் வேணுமான்னு கேக்கற புள்ளைக்குக்கூட நோ சொல்ல மனசு வராமப் பத்து நிமிசம் பேசிட்டு வெப்பேன். பேசாம எல்லாத்தையும் கழட்டிப் பரண்ல போட்டுரலாம். போட்டா இன்னொரு இருபத்திரண்டு வருசம் அந்த "ம்"மைக் கேக்கோணும், அதுக்கு எனக்கு ஆயுசு இருக்குதான்னும் தெரியலை. இல்லீன்னா இப்பவே போயிச் சொல்லிருவோம். வசந்தா, அன்னைக்கு வைரஸ் இல்லை, நாந்தான். ரெண்டு வரி. எத்தனை லேசா இருக்குது. சொல்லிப் பாக்கறேன், நாந்தான். நான்தான். அது வந்து புள்ள, ஒரு எலி. எலியில ஆரம்பிக்கக் கூடாது. எந்திரிச்சே போயிட்டேன், பொடக்காளி வாசப்படி வரைக்கும். முந்தானைய இடுப்புல சொருகிட்டு, வாயில ஒரு கிளிப்பைக் கடிச்சுட்டு, என்ற வேட்டியை உதறிட்டு இருக்கறா. நரைச்ச முடி வெயில்ல பளபளங்குது. ஏம்புள்ள, ஒரு விசயம்னேன். கிளிப்பை எடுத்துட்டு, "என்னங்?"னு நேராப் பாத்தா. ரெண்டு வரிடா திருமூர்த்தின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ரெண்டே வரி. "மொளகா காய வச்சிருக்கியே, காக்கா வரப் போகுது"ன்னேன். காக்கா மொளகா திங்குமா? அவளும் அதைத்தான் நெனச்சிருப்பா. திரும்பி வந்து முக்காலி மேல உக்காந்துட்டேன். எனக்கே என்னைப் பாத்து அவமானமா இருக்குது.

கரண்டு வந்துருச்சு. ஒண்ணு அம்பத்தி ஒண்ணுக்கே. கரண்டு ஆபீஸ்காரன் சொன்ன நேரத்துக்கு முன்னாடி அது வந்ததே இல்லை, இன்னைக்குன்னு பாத்து ஒம்போது நிமிசம் முன்னாடி. ஃபேன் சுத்துது, காலண்டர் படபடங்குது, அடுத்த ரூம்ல ஃபிரிட்ஜு முனகுது. கையி தானாப் போயிச் சுவிச்சைப் போட்டுருச்சு, நான் போடலை. மானிட்டரு மெதுவா வெளுக்குது, நீல டப்பாவுல பச்சை லைட்டு. டிஸ்க்கைச் சொருகினேன். கர்ர்ர். பொறவு திரையில ஒரு சின்னப் பொட்டி தொறக்குது. இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகலை, இப்பப் பண்ணட்டுமா? எஸ். நோ. எஸ்ஸு மேல ஒரு கறுப்புக் கோடு வேற போட்டுத் தயாரா வச்சிருக்குது, தட்டினாப் போதும். என்ற இடது கையால வலது கையப் புடிச்சுக்கிட்டேன். வேண்டாம். நோ. வாய் விட்டே சொல்லிட்டேன், நோ, நோ, நோன்னு. மௌசு மேல ரெண்டு கையும் வச்சு நகத்தி, கண்ணை மூடாமப் பாத்துட்டே அமுக்கினேன். பொட்டி மறைஞ்சு போச்சு. அத்தனைதான். ஒண்ணுமே ஆகலை. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னாடியும் இது இத்தனை சுலபமாத்தான் இருந்திருக்கும். எல்லாத்தையும் நிறுத்திட்டு, கயிறு கட்டின கேபிளைக் கழட்டித் தூர எறிஞ்சேன். நான் கட்டின கயிறுதான் அது. நானே எனக்கு எழுதி வச்ச எச்சரிக்கைய எடுத்து நானே மாட்டியிருக்கறேன். கீழ கெடந்ததை மாட்டித் திருகி மறுபடியும் சுவிச்சைப் போட்டேன். கர்ர்ர்னு ஒருக்கா, அமைதியா ஒருக்கா, திரை மேல ஒரே ஒரு ஃபைலு வந்து நிக்குது. பன்னெண்டு இல்லை, ஒண்ணே ஒண்ணு. பன்னெண்டாவது அத்தியாயம் மட்டும்.

தொறந்தேன். ஒரு எழுத்துத் தமிழ் இல்லை. பக்கம் பூரா இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடுமாக் கொத்துக் கொத்தா, எறும்பு மொச்ச மாதிரி. போச்சு. நோ சொல்லியும் போச்சு. கேபிள் வழியிலயே எல்லாம் மாறிப் போச்சா, முன்னாடி மாட்டின கேபிளே கெடுத்துருச்சா, நான் எதைத் தொட்டாலும் இப்புடித்தானா? தலையில கை வச்சுட்டு உக்காந்துட்டேன், சத்தியமா எனக்கு அழுகையே வந்துருச்சு. பின்னாடி ஈரச் சேலை வாசம். எப்ப வந்து நின்னாளோ தெரியலை. திரும்பிப் பாக்கத் தைரியம் இல்லாம, எல்லாம் கெட்டுப் போச்சு புள்ளன்னேன். "எங்க கெட்டுப் போச்சு?"ன்னா. எட்டிப் பாத்து, முந்தானையில கையத் தொடச்சுட்டு, "கடைய மூடறப்பப் பழைய ஃபான்ட்டை இந்த மிசின்ல இருந்து எடுத்துட்டேனுங், அதான் இப்புடித் தெரியுது. விசை மாறலையே"ன்னு சொல்லி, என்ற தோள் மேல கை ஊனிட்டு, அந்த எறும்புக் கூட்டத்துல ஒரு எடத்தைத் தொட்டா. "என், எஃப், எச், ஐ, ஒய். இது கொலை." பத்து வருசம் அந்தக் கீபோர்டுல தமிழ் அடிச்சவ அவ. இன்னொரு கையி வெரலு மேசை ஓரத்துல தானாத் தட்டுது, தட்டத் தட்ட வாய் படிக்குது, தட்டுத் தடங்கல் இல்லாம, ஞாயித்துக்கிழமை மத்தியானம் படிச்ச அதே குரலுல. "ராசாத்தி உள்ளே வாங்க என்றாள். கதவு திறந்தது. தோளில் ஒரு தோல் பையும் அதற்குள் நாலு கேபிளும் ஒரு சுருள் கறுப்பு டேப்பும் வைத்திருந்த டெலிபோன்காரன் ஒருவன் உள்ளே வந்தான்." நான் திடுக்குன்னு நிமிந்தேன். "அதெப்புடிப் புள்ள, பதினோரு அத்தியாயத்துல வராதவன் கடைசியில வந்து கொன்னா எப்புடி, அநியாயமா இல்லை?"ன்னேன். அவ என்னைக் கண்டுக்கவே இல்லை. "ஏன் செய்தாய் என்று ராசாத்தி கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அது கேட்டதுங்க, நான் எஸ் என்றேன், என்றான். எத்தனை தரம் என்று ராசாத்தி கேட்டாள். ரெண்டு தரம் என்றான்."

எனக்குக் காது ரெண்டும் சுட்டுது. நாந்தான் வசந்தான்னேன், எலியும் இல்லை வைரஸும் இல்லை, நாந்தான். "யாரு இல்லைன்னா?"ன்னா. உனக்கு எப்புடித் தெரியும்னு கேட்டேன். "வைரஸ்னு சொன்ன டிஸ்க்கைப் போட்டுப் பாத்தேனுங். கழுவிக் கவுத்து வச்ச தட்டாட்டம் இருந்துச்சு. வைரஸ் இத்தனை நறுவிசாவா வேலை செய்யும்? இந்த ஊட்டுல அத்தனை சுத்தமா முடிக்கற ஆளு ஒருத்தருதானே. ரெண்டு எஸ்ஸை மூணாம் நாள் தூக்கத்துல நீங்களே சொன்னீங்." சொல்றப்ப அவ குரலு ஒரு எடத்துல உடைஞ்சு, உடனே சரியாச்சு. அன்னைக்கே கேட்டிருக்கலாமேன்னேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்னா. பாத்துட்டே இருந்திருக்கறா, இருபத்திரண்டு வருசம். மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம, அப்ப மொதல்ல எழுதினதுல யாருதான் கொன்னான்னு கேட்டேன், என்ற புத்தி அப்புடி. "டாக்டரம்மா"ன்னா. "பொறவு யோசிச்சேன். பாவம், அவ எதுக்குப் பண்ணோணும்?" இன்னொரு முக்காலிய இழுத்து என்ற பக்கத்துல போட்டு உக்காந்தா, வெரலைத் திரை மேல விட்ட எடத்துல வச்சா. மன்னிச்சுரு புள்ளன்னு சொல்ல வாயத் தொறந்தேன். "சித்தெ சும்மா இருங்"ன்னா, "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது. தண்டனை இனிமேத்தான்."